சுவர் பிடிக்கிறவளுக்கு ஒரு பை

குழலியின் வீட்டில் மேற்குச் சுவரை யாராவது ஒருவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் சாயும். மற்றபடி நல்ல வீடு. காவிரித் தண்ணீர் வரும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்விடலாம்.

வாடகைக்குப் பார்க்க வந்த அன்றைக்கே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஒளிக்கிற மனிதர் இல்லை.

"ரெண்டு ரூம்பு, ஒரு ஹாலு. மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கலாம். மேற்குச் சுவத்த மட்டும் பிடிச்சுக்கணும்."

"எப்பப் பிடிக்கணும்?" என்று குழலியின் கணவன் செவ்வந்திலிங்கம் கேட்டான்.

"எப்பவும்தான்."

"இதுக்கு முன்னால இருந்தவங்க?"

"பிடிச்சாங்க. தங்கமான மனுசங்க. டிரான்ஸ்பர்ல போயிட்டாங்க."

"பழைய சுவருங்களா?"

"வீட்டைக் கட்டுறதுக்கு முன்னாலயே அது இருந்துச்சு. அதுக்குத் தோதாத்தான் வீட்டைக் கட்டுனோம்."

செவ்வந்திலிங்கம் சுவரைத் தட்டிப் பார்த்தான். குழலி அடுப்படியைப் பார்த்தாள். அடுப்படியில் நல்ல வெளிச்சம். சரி என்று ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சிக் குடிவந்துவிட்டார்கள்.

செவ்வந்திலிங்கம் லால்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவன் போய்த் திரும்பும் வரை குழலி பிடிப்பாள். அவன் வந்து கைகால் கழுவிக்கொண்டு மாற்றிக்கொள்வான். ஒருவர் கையை எடுப்பதற்கு முன்னால் இன்னொருவர் கையை வைத்துவிட வேண்டும். அதனால் தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் நான்கு கைகளும் சுவரில் இருக்கும். கல்யாணமான புதிதில் அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில்தான்.

"பஸ்ல கூட்டமா?"

"ம். சாப்பிட்டியா?"

"ம்."

அந்த நேரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு குழந்தை பிறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டே எப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது.

பிள்ளை பெற்றவள் தாய்வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். சுவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? ஆஸ்பத்திரியில் இருந்து நேரே வந்து, தலையில் கட்டிய துணிகூட அவிழ்க்காமல், குழலி சுவரில் கை வைத்தாள். அதுவரை பிடித்துக்கொண்டிருந்த செவ்வந்திலிங்கம் பாப்பாவைப் பாயில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினான்.

பாய் குழலிக்குப் பின்னால் இருந்தது. அதில்தான் எல்லாக் கோளாறும்.

பகல் முழுக்க பாப்பாவுக்குத் தெரிந்தது குழலியின் முதுகு. முதுகில் தொங்கும் சடை. குழலி தலையைத் திருப்பினால் சடை ஆடும். சடை ஆடினால் பாப்பா காலை உதைக்கும். பால் குடிக்க வேண்டுமென்றால் மேல்வீட்டு சார் வந்து பாப்பாவை எடுத்து, குழலியின் கைகளுக்கு அடியில் நுழைத்துக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். பால் குடிக்கும்போது பாப்பா கண்ணை இறுக மூடிக்கொள்ளும். செவ்வந்திலிங்கம் வந்து மாற்றிக்கொள்ளும் நேரத்துக்குத் தூங்கிப்போய்விடும். அதற்குப் பிறகு தூக்கலாம் என்றால் குழலியின் கைகள் மடங்காது. உள்ளங்கை இரண்டும் விரிந்தபடி முன்னால் நீட்டிக்கொண்டே இருக்கும். விடிந்தால்தான் இறங்கும். விடிந்தால் சுவர்.

குழலி தாலாட்டுப் பாடுவாள். முகம் சுவரைப் பார்த்து இருப்பதால் பாட்டு சுவருக்குத்தான் போகும். பாட்டு முடியும்போது சுவர் கொஞ்சம் கனம் குறைந்திருக்கும்.

ஒரு நாள் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. புறா தண்ணீர் குடிக்கிற மாதிரி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. செவ்வந்திலிங்கம் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, பாப்பா சிரிக்குது!"

"ஆமா, சிரிக்குது."

"யாரப் பாத்து?"

அவன் வந்து பார்த்தான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தான்.

"உன் சடையப் பாத்து."

"இங்க கொண்டாங்க. மூஞ்சிக்கு நேரா காட்டுங்க."

கொண்டுவந்து காட்டினான். பாப்பா குழலியின் முகத்தைப் பார்த்தது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. மரியாதையாகத்தான் பார்த்தது. கொஞ்சம் ஒதுங்கி இடம்கூட விட்டது.

"புதுசா இருக்கும்ல," என்றான் செவ்வந்திலிங்கம்.

"நான் பெத்தவங்க."

"தெரியும். அதுக்குத் தெரியணும்ல."

குழலி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுவர் ஈரமாக இருந்தது. மழை ஒன்றும் பெய்யவில்லை.

மேல்வீட்டு சார் என்பவர் வேதமாணிக்கம். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் வீட்டு அடுப்படி வழியாக ஒரு கூட்ஸ் வண்டி போகும். பச்சைக்கொடி காட்டினால்தான் போகும். காட்டாவிட்டால் அங்கேயே நின்றுவிடும், சோறு வடிக்க முடியாது. அதனால் சார் எங்கே போனாலும் கொடியைக் கக்கத்தில் வைத்திருப்பார்.

மறுநாள் பால் நேரத்துக்கு வந்தவர் கேட்டார்.

"என்னம்மா, பாப்பா என்ன சொல்றா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல சார். எல்லாம் முதுகுகிட்டதான்."

"திருப்பி வச்சுக்க வேண்டியதுதானே?"

"எந்தக் கையால சார்?"

சார் அவள் கைகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

"நெஞ்சோட கட்டிக்கிற மாதிரி பை ஒண்ணு விக்கிதாம்மா. பேபி கேரியர்ங்கிறாங்க. என் மருமக கட்டிக்கிட்டு தோசை சுடுறா. ரெண்டு கையும் சும்மா இருக்கும்."

"என் கை சும்மா இருக்காதே சார்."

"கை சுவத்துக்கு இருக்கட்டும். மூஞ்சி பாப்பாவுக்கு இருக்கட்டும். எல்லாத்தையும் ஒருத்தருக்கே குடுக்கணும்னு சட்டமா?"

மேலே ஊதல் கேட்டது. சார் கொடியை உருவிக்கொண்டு மாடிப்படியில் ஓடினார்.

செவ்வந்திலிங்கம் லீவு கேட்டான். ஒரு நாள் கிடைத்தது.

"எட்மாஸ்டர் ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன காரணம்னாரு. சுவருன்னேன். அவங்க வீட்டுல தரையாம். பாவம், ஒண்ணும் சொல்லல."

"அப்ப இன்னைக்குள்ள வாங்கிறணும்."

"ஆமா. நாளைக்கு நீதான் பிடிக்கணும். சுவத்தப் பத்திக் கவலப்படாத, நான் இருக்கேன். பாத்து நல்லதா எடு."

குழலி பாப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். தோளில் கிடந்த பாப்பா பின்பக்கமாகச் சடையைப் பார்த்துக்கொண்டே வந்தது. வழியெல்லாம் சடையிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. குழலி ஒட்டுக் கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை.

கடை பெரிய கடை வீதியில் இருந்தது. வெளியில் இருந்து பார்த்தால் ஒரு ஆள் நிற்கிற அகலம். உள்ளே போகப் போக நீண்டது. இன்னும் கொஞ்சம் காட்டுங்களேன் என்று யாராவது கேட்டால் கடை இன்னும் கொஞ்சம் நீளும். அதனால் பின்பக்கம் வேலை செய்கிறவர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள்.

பைகள் கொக்கிகளில் தொங்கின. சில தூங்கிக்கொண்டிருந்தன.

குட்டையான ஒரு பெண் வந்தாள். நெற்றியில் பவுடர் திட்டாக இருந்தது.

"வாங்க. நான் லூர்து. என்ன தூக்கணும்?"

"கொழந்தைங்க."

"எது வரைக்கும்?"

"அது நடக்குற வரைக்கும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு வாங்கிட்டுப் போறாங்க," என்றாள் லூர்து. குறையாகச் சொல்லவில்லை. "கை எதுக்கு வேணும்?"

"சுவர் பிடிக்க."

"எந்தப் பக்கம்?"

"மேற்கு."

லூர்து தலையாட்டினாள். மேற்கு என்றால் அவளுக்குப் புரிந்தது. ஒரு பையைக் கொக்கியில் இருந்து எடுத்தாள்.

"இது வெளிய பாக்குறது. கொழந்தை ஊரு உலகத்தப் பாக்கும். ஆனா ஒண்ணு, நீங்க போறதுக்கு முன்னால அது போய்ச் சேந்துரும்."

"எங்க?"

"நீங்க எங்க போறீங்களோ அங்கதான். போன வாரம் ஒருத்தங்க கட்டிக்கிட்டு ஸ்ரீரங்கம் போனாங்க. இவங்க ரங்கா ரங்கா கோபுரத்துக்கிட்ட வர்றதுக்குள்ள கொழந்தை தரிசனத்த முடிச்சுட்டு, புளியோதரை வாங்கிட்டு வாசல்ல நிக்குது."

"வேணாங்க. நான் அது மூஞ்சியில்ல பாக்கணும்."

"அப்ப இத பாருங்க. இடுப்புல மாட்டுறது. வளையம் வச்சது."

"இதுல என்ன?"

"இதக் கட்டிட்டு வாசல்ல நின்னு பேச ஆரம்பிச்சா வீட்டுக்குள்ள வர முடியாது. பேச்சு முடியவே முடியாது. எங்க தெருவுல ரெண்டு பேரு இன்னும் நிக்கிறாங்க. சாப்பாடு அங்கயே குடுத்துடுறோம்."

"அய்யோ."

"சந்தோசமாத்தான் இருக்காங்க."

அப்போது பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் மூச்சு வாங்க உள்ளே வந்தார். அவர் நெஞ்சில் ஒரு பை கட்டியிருந்தது. பைக்குள் மீசை வைத்த ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் தரையில் இழுபட்டன. காலேஜ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது.

"லூர்து, இதுல பெரிய சைஸ் வந்துச்சா? இவனுக்குக் கால் இடிக்குது."

"வர்ற வாரம் வந்துரும்மா."

பையன் குழலியைப் பார்த்துக் கைகூப்பினான். "வணக்கங்க."

குழலிக்குக் கை ஒழியவில்லை. தலையை ஆட்டினாள். "கழட்டிற வேண்டியதுதானேம்மா?" என்று அந்த அம்மாளிடம் கேட்டாள்.

"கிளிப்பு எங்க இருக்குன்னு மறந்துபோச்சும்மா. நெறய கிளிப்பு வச்சதா எடுத்துட்டேன். அப்பத்துப் பேஷன்."

"எனக்குத் தெரியுங்க," என்றான் பையன்.

"நீ சும்மா இருடா."

பையன் சும்மா இருந்தான். அம்மாவின் தோளில் தாடையை வைத்துக்கொண்டான். அந்த அம்மாள் அவன் முடியைக் கோதிவிட்டுக்கொண்டே வெளியே போனார். "பொண்ணு பாத்துட்டு இருக்கோம். பொண்ணு வந்ததும் எப்படி வைக்கிறதுன்னுதான் தெரியல," என்று போகிற போக்கில் சொன்னார்.

"கிளிப்பு இல்லாதது இருக்கா?" என்று குழலி மெல்லக் கேட்டாள்.

கடை கொஞ்சம் நீண்டது. இருவரும் நடந்தார்கள். கடைசிக் கொக்கியில் பழுப்பு நிறத்தில் பருத்தித் துணிப்பை ஒன்று தனியாகத் தொங்கியது.

"இது உள்ள பாக்குறது. ரெண்டு பட்டை, ஒரு முடிச்சு. வேற ஒண்ணும் தெரியாது இதுக்கு."

"நல்லாருக்குமா?"

"அத நான் எப்படிச் சொல்றது? நீங்க உக்காந்து பாருங்க."

"நானா?"

"பின்ன? தூக்குறவங்க எல்லாரும் தூக்கிப் பாத்து வாங்குறாங்க. உக்காந்து பாத்துல்ல வாங்கணும்?"

லூர்து பையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். குனிந்தாள். குழலி பாப்பாவோடு அதற்குள் உட்கார்ந்தாள். லூர்து எழுந்து நடந்தாள்.

லூர்துவின் கழுத்தில் பவுடர் வாசமும் கொஞ்சம் கற்பூர வாசமும் அடித்தன. நெஞ்சு தடதடவென்று அடிப்பது குழலியின் காதுக்கு நேராகக் கேட்டது. கொக்கிகள் பின்னால் போயின. தூங்கிக்கொண்டிருந்த பைகள் ஒன்றிரண்டு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டன.

"கனமா இருக்கேனா?"

"கனம்னு சொல்ல முடியாது. நெறைவா இருக்கீங்க."

"உங்கள யாராச்சும் இப்படித் தூக்கியிருக்காங்களா?"

"வேலைக்குச் சேந்த அன்னைக்கு மொதலாளியம்மா தூக்கிட்டு ஒரு சுத்து வந்தாங்க. அதுக்கப்புறம் நான் லீவே போடல."

குழலி தன் கைகளைப் பார்த்தாள். பாப்பாவின் முதுகில் விறைப்பாக நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் தாமாகவே மடங்கியிருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு அவை பகலில் மடங்கியது அன்றைக்குத்தான்.

"எறங்குறீங்களா?" என்றாள் லூர்து.

"இன்னும் ஒரு சுத்து."

லூர்து இன்னொரு சுற்று நடந்தாள். கடையும் அதற்குத் தகுந்தபடி நீண்டு கொடுத்தது.

இறங்கியதும் குழலி பையைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். பாப்பாவின் காலை உள்ளே விடப்போனாள். பை நெறுநெறுவென்று சத்தம் போட்டது. குழலி சட்டென்று காலை வெளியே இழுத்துவிட்டாள்.

"இது புதுசுல்ல!"

"புதுசுதான்."

"பழசு இருக்கா?"

"பழசு நாங்க விக்கிறதில்லைங்க. பழைய பை ஏற்கனவே யாரையோ நெனச்சுட்டு இருக்கும். ராத்திரியெல்லாம் ஏங்கும்."

"இல்லைங்க, கொழந்தைக்கு மொதல்ல பழசுதான் படணும். இவ பொறந்தப்பக்கூட அவங்க வேட்டியக் கிழிச்சுத்தான் சுத்துனோம். எங்க வீட்டுல அப்படி."

"எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். மொதல்ல பழசா ஒண்ண இதுல உக்கார வைங்க. அப்புறம் பாப்பாவ வைங்க."

"எவ்வளவு பழசு?"

"அது அதுக்கே தெரியும். சத்தம் நின்னுரும்."

குழலி பாப்பாவை மறுபடி தோளில் போட்டுக்கொண்டாள். பாப்பா சடையைப் பார்த்து ஆவென்றது. வெகுநாள் கழித்துப் பார்த்த மாதிரி.

வாசல் வரை வந்து லூர்து சொன்னாள். "துவைக்கலாம். திட்டக் கூடாது."

வீட்டில் செவ்வந்திலிங்கம் நின்ற இடத்தில் நின்றிருந்தான்.

"வந்துட்டியா? மூக்கு அரிக்குது. வெயில் எறங்குனதுல இருந்து அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடேன்."

குழலி பாப்பாவைப் பாயில் விட்டுவிட்டுச் சொறிந்துவிட்டாள். பை நெறுநெறுவென்றது.

"என்ன சத்தம்?"

"பைங்க. புதுசு."

"புதுசா!" அவன் முகம் விழுந்துவிட்டது. "புதுசுலயா பாப்பாவ வைக்கிறது?"

"அதான் இல்லங்கிறேன். பழசு எதையாவது மொதல்ல வைக்கணும். பொழுது சாயிறதுக்குள்ள."

பீரோவில் இருந்து அவனுடைய பழைய வேட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். நெறுநெறு. அது போன பொங்கலுக்கு எடுத்தது. பையிடம் பொய் சொல்ல முடியவில்லை. கொடியில் கிடந்த தலையணை உறை, கரி பிடித்த இட்லித் துணி, ஒன்றுக்கும் சத்தம் நிற்கவில்லை. இட்லித் துணிக்குப் பை கொஞ்சம் முகத்தைச் சுளித்தது.

சத்தம் கேட்டு மேலிருந்து வேதமாணிக்கம் சார் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். கொடியை ஜன்னலில் சொருகினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"நகருங்க. நான் உக்கார்றேன். ரிட்டயர் ஆனவன்."

"சார், உங்களுக்குச் சிரமம்."

"எனக்கென்னம்மா சிரமம்? உக்கார்றதுதானே."

குழலி குனிந்தாள். சார் உட்கார்ந்தார். குழலி அவரைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றி வந்தாள். சார் முதலில் சங்கோஜமாக மேலே பார்த்தார். பிறகு நேரே பார்த்தார். பிறகு வெகுநேரம் பார்த்தார்.

"அம்மாடி, உனக்கு மூக்குல மச்சம் இருக்கா?"

"பொறந்ததுல இருந்து இருக்கு சார்."

"இத்தன நாளா தெரியாது பாரு. தெனம் வந்துட்டுப் போறேன். நானும் முதுகத்தான் பாத்திருக்கேன்." சார் செவ்வந்திலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "மாஸ்டரே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். சாயங்காலம் மாத்திக்கும்போது பாப்பேன்."

"இத அந்தப் புள்ள பாக்கணும்யா," என்றார் சார். "இத விட்டுட்டு அது என்னத்தப் பாத்து வளரும்?"

பை இன்னும் நெறுநெறுத்துக்கொண்டிருந்தது.

"என்ன, சத்தம் நிக்கல? நான் புதுசா?"

"கொஞ்சம் போல சார்."

சாருக்கு அதில் பெரிய சந்தோஷம். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. மேலே ஊதல் கேட்டது.

"சார், கூட்ஸு."

"நிக்கட்டும். இன்னைக்கு ஒரு நாள் லேட்டாப் போகட்டும்."

ஜன்னல் வழியாக வந்த வெயில் பாயைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பாப்பா தூங்கிவிடும். நாளைக்குக் காலையில் குழலி மறுபடி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சிரிக்கிற வயது இது. யாரைப் பார்த்துச் சிரிக்கப் பழகுகிறதோ அவர்களோடு நின்றுவிடும். குழலி சடையை வெட்டிவிடலாமா என்று யோசித்தாள். வெட்டினால் பாப்பாவுக்கு யாருமே இருக்க மாட்டார்கள்.

சார் ஒருவழியாக இறங்கினார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"இந்த வீட்டுல என்னைவிடப் பழசு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு," என்றார்.

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். சுவர் எங்கேயும் பார்க்காமல் நின்றது.

"சுவத்தையா?" என்றான் செவ்வந்திலிங்கம். "பிள்ளை பெத்த ஒடம்பு, என்னத்துக்கு ஆகும்?"

"ஒரு சுத்துதாங்க. இன்னைக்குக் கடையில என்னையே தூக்குனாங்க."

"நான் தூக்குறேன், குடு."

"நீங்க பிடிச்சிருக்கீங்கள்ல. கையை எடுத்தா சாஞ்சுரும்."

அது உண்மைதான்.

குழலி பையை முதுகுப்பக்கமாகத் திருப்பிக் கட்டினாள். சுவருக்கு முன்னால் வந்து நின்றாள். இத்தனை நாளில் அவள் சுவருக்கு முதுகைக் காட்டியதில்லை. மனசு ஒப்பவில்லை.

"கோச்சுக்காதே," என்று சுவரிடம் சொன்னாள். குனிந்தாள்.

செவ்வந்திலிங்கம் ஒவ்வொரு விரலாக எடுத்தான். கடைசியாகச் சுண்டுவிரலை எடுத்தான். சுவர் சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது. சாய்ந்து, பைக்குள் உட்கார்ந்தது.

நெறுநெறு நின்றது.

குழலி நிமிர்ந்தாள். ஒரு எட்டு வைத்துப் பார்த்தாள். இன்னொரு எட்டு.

"கனமா இருக்கா?" என்றான் செவ்வந்திலிங்கம். அவன் கைகள் இன்னும் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தன.

"கனம்னு சொல்ல முடியாதுங்க. நெறைவா இருக்கு."

சுவர் இருந்த இடத்தில் மேற்கு இருந்தது. தென்னந்தோப்பும் ஒரு துண்டு ஆறும் அதன்மேல் சூரியனும் இருந்தன. பக்கத்து மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவர்களைப் பார்த்து, இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதுபோலக் கையை ஆட்டினாள். காற்று வந்து காலண்டரைப் புரட்டியது.

ஹாலை ஒரு சுற்று வந்தாயிற்று.

"போதும், எறக்கு," என்றான் செவ்வந்திலிங்கம். "பை பழசாயிருச்சு. பாப்பாவ வைக்கலாம்."

"உஷ்."

"என்ன?"

"தூங்குது."

"யாரு?"

"சுவருங்க. குறட்டை கேக்குதுல்ல?"

சார் தண்டவாளத்தில் காது வைப்பதுபோல அருகில் வந்து காது வைத்தார். சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் குழலியின் தோளில் உதிர்ந்தது.

"அசந்து தூங்குதும்மா," என்று ரகசியமாகச் சொன்னார். "நின்னுக்கிட்டே எத்தன காலத்துக்குத்தான் முழிச்சிருக்கும்?"

"எறக்கி வச்சா?" என்றான் செவ்வந்திலிங்கம்.

"முழிச்சுக்கும். வேணாங்க," என்றாள் குழலி.

அதற்குப் பிறகு யாரும் இறக்கி வைக்கச் சொல்லவில்லை.

செவ்வந்திலிங்கம் தன் கைகளைப் பார்த்தான். கீழே இறக்கினான். அவை எங்கே இருப்பது என்று தெரியாமல் இடுப்பில் கொஞ்சம், முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் என்று அலைந்தன. குழலியும் தன் கைகளைப் பார்த்தாள். அவை சும்மா இருந்தன. விரல்கள் மடங்கியிருந்தன.

பாயில் பாப்பா கொட்டாவி விட்டது.

"தூங்கிறப்போகுது," என்றாள் குழலி. "குடுங்க, குடுங்க."

அவன் பாப்பாவை எடுத்தான். "எப்படிப் பிடிக்கணும்?"

"சுவர் மாதிரி இல்ல. தலையத் தாங்குங்க."

அவன் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தான். ஒருவர் கையை எடுப்பதற்கு முன்னால் இன்னொருவர் கையை வைத்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் நான்கு கைகளும் பாப்பாவின் மேல் இருந்தன. அவர்கள் வழக்கமாகப் பேசிக்கொள்ளும் நேரம் அது. பஸ்ஸில் கூட்டமா என்று அவளும் கேட்கவில்லை. சாப்பிட்டியா என்று அவனும் கேட்கவில்லை. பிறகு அவன் கையை எடுத்தான்.

குழலி பாப்பாவைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

பாப்பா பார்த்தது. பக்கத்து சீட்டுக்காரரைப் பார்க்கிற அதே பார்வை. பிறகு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. இடதுபக்கம் பார்த்தது. வலதுபக்கம் பார்த்தது. சடை முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. பாப்பாவின் கீழுதடு பிதுங்கத் தொடங்கியது.

"நான்தான்டி," என்றாள் குழலி. "முன்பக்கம்."

பாப்பா நிறுத்தியது. அந்தக் குரல் அதற்குத் தெரியும். அது எப்போதும் அந்தப் பக்கத்தில் இருந்து வரும். இப்போது இந்தப் பக்கத்தில் இருந்து வந்தது. பாப்பா வாயைப் பார்த்தது. மூக்கைப் பார்த்தது. மச்சத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு இரண்டு கைகளையும் தூக்கியது. உள்ளங்கைகளை விரித்தது. குழலியின் இரண்டு கன்னங்களிலும் ஒவ்வொன்றாக வைத்தது. முழங்கையை நேராக்கி அழுத்திப் பிடித்தது. பிறந்த நாளில் இருந்து பாயில் கிடந்து அது பார்த்தது இதைத்தான்.

"பிடிக்கத் தெரிஞ்சிருக்கு," என்றான் செவ்வந்திலிங்கம். ஒருவருக்கும் கேட்காத அளவுக்குச் சொன்னான்.

மேலே மறுபடி ஊதல் கேட்டது. "அய்யய்யோ, கொடி!" என்று சார் ஜன்னலில் இருந்து கொடியை உருவிக்கொண்டு ஓடினார். கூட்ஸ் வண்டி அடுப்படியைக் கடந்தது. பாத்திரங்கள் உருண்டன. வீடு முழுக்க அதிர்ந்தது. முதுகில் சுவர் தூக்கத்திலேயே புரண்டு படுத்தது.

குழலி கொஞ்சம் சாய்ந்தாள்.

பாப்பா விடவில்லை.